மாமனார் வெட்டிய கொம்பு

செப்டம்பர் 15, ஞாயிறு

இன்று மரத்தைத் தோண்டி எடுத்து வந்தோம். தொட்டியில் குறுமரம் வளர்க்கிற எங்கள் ஊர் போன்சாய் சங்கத்தின் தலைவி ஹெலன், மரம் தொட்டிக்கு வந்த அன்றே அதற்கென்று ஒரு நோட்டைத் திறந்துவிட வேண்டும் என்பார். எப்போது வெட்டினோம், எப்போது கிளையை வளைக்கக் கம்பி சுற்றினோம் என்று எழுதி வைக்காவிட்டால் அடுத்த வருடம் தலையைச் சொறிந்துகொண்டு நிற்க வேண்டியதுதானாம். சரி, திறந்துவிட்டேன். இதில் மரத்தைப் பற்றி மட்டும்தான் எழுதுவேன். வீட்டு விவகாரம் எதுவும் வராது.

மரம்: இந்த ஆஸ்திரேலிய நாட்டு யூகலிப்டஸ். கோயமுத்தூரில் தைல மரம் என்கிறோமே, அதன் பங்காளிகளில் ஒன்று. இடம்: பெண்டிகோ நகரத்துக்கு வடக்கே கிரேம் என்பவருடைய ஆட்டுப் பண்ணை. வேலியோரம் முளைத்த இதை வருடக்கணக்காக டிராக்டர் வெட்ட வெட்ட, ஆடு கடிக்கக் கடிக்க, உயரமே போகாமல் தொடை மொத்தத்துக்கு அடி பெருத்து நின்றிருக்கிறது. எப்போதோ புல் தீப்பிடித்ததில் ஒரு பக்கம் செத்து, பட்டை உரிந்து, வெறும் கட்டையாகிவிட்டது. அந்தச் செத்த பக்கத்திலிருந்து ஒரே ஒரு காய்ந்த கொம்பு, தூங்கி எழுந்தவன் சோம்பல் முறிக்கிற கை போல வெளியே நீண்டிருக்கிறது. அதைப் பார்த்துத்தான் மயங்கினேன். உயிரோடு இருக்கிற கிளையை யார் வேண்டுமானாலும் வளர்த்துவிடலாம். தானாகச் செத்த கொம்பு இப்படி அமைவதற்குக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

கூட வந்தது சகலை மயில்சாமி. என் மனைவி வசுமதியின் தங்கை கோகிலாவைக் கட்டியவர். பக்கத்துத் தெருவில் வீடு. கடப்பாரை பிடித்தது நான். "பாத்துங்க, வேரு" என்று சொல்லிக்கொண்டு நின்றது அவர். வீடு வந்து சேர்ந்ததும் மரத்தில் பாதி தன்னுடையது என்கிறார். கிரேமிடம் பேசி வாங்கியது அவராம்.

அக்டோபர் 6

இருந்த இலை எல்லாம் கொட்டிவிட்டது. மயில்சாமி தினமும் வந்து துக்கம் விசாரித்துவிட்டு, காபி குடித்துவிட்டுப் போகிறார்.

அக்டோபர் 29, செவ்வாய்

காலையில் தண்ணீர் ஊற்றப் போனால் அடிமரத்தைச் சுற்றிச் சிவப்பாக மொட்டு. கொஞ்சநஞ்சமல்ல, அம்மை போட்ட மாதிரி. பார்த்துக்கொண்டே நின்றதில் வேலைக்குத் தாமதம். நான் பால் ஆலையில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கிறவன். நான் போகாவிட்டால் ஓர் உற்பத்தி வரிசையே நின்றுவிடும். மேலதிகாரி என்ன ஆயிற்று என்றார். வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லாமல் இருந்தது, இன்றைக்குத் தேறிவிட்டது என்றேன். பொய் இல்லை.

ஜனவரி 19

வெயில் பொசுக்குகிறது. தொட்டியை ஒரு தட்டுத் தண்ணீரில் நிற்க வைத்திருக்கிறேன். மற்ற போன்சாய் என்றால் வேர் அழுகிவிடும். இது எருமை மாதிரி, தண்ணீரிலேயே கிடக்கும்.

மரத்துக்கு முன்பக்கம் எது என்று மயில்சாமியோடு சண்டை. அவருக்குப் பச்சைப் பக்கம் முன்னால் இருக்க வேண்டும். எனக்குச் செத்த பக்கம். ஒரு வாரம் அவர் வீட்டுப் பக்கம் போகவில்லை. கோகிலா நடுவில் வந்து, பச்சையும் செத்த கொம்பும் சேர்ந்து தெரிகிற மாதிரி மரத்தைச் சற்றுத் திருப்பி வைத்துவிட்டுப் போனாள். அதுதான் சரியாக இருக்கிறது. இருவருமே அதை முதலில் சொன்னது தாங்கள்தான் என்கிறோம்.

ஜூன் 14, சனி

குளிர். செத்த பாகத்தைச் செதுக்கினேன். சூலூர் பஞ்சாலையில் ரிங் பிரேம் நூற்பு இயந்திரத்தைப் பிரித்துப் பூட்டிய கை, அறுக்கவும் தேய்க்கவும் பிடிக்கிற கிரைண்டருக்குப் புதிதில்லை. ஆனால் இரும்பு சொன்னபடி கேட்கும். மரம் கேட்காது. அது எந்தப் பக்கம் முறுக்கியிருக்கிறதோ அந்த ஓட்டத்திலேயே போக வேண்டும். அழுகலைச் சுரண்டி எடுத்து, நெருப்பால் பிசிறைக் கருக்கி, கம்பி பிரஷ் போட்டேன். கொம்பில் மட்டும் கிரைண்டரை வைக்கவில்லை. அதில் மனுஷன் கை பட்டதாகவே தெரியக் கூடாது.

ஜூலை 5

செத்த கட்டை அழுகாமல் இருக்கவும் வெளுக்கவும் சுண்ணாம்பும் கந்தகமும் கலந்த கரைசலைப் பூசினேன். ஊரெல்லாம் அழுகிய முட்டை நாற்றம். வசு கேஸ் கசிகிறது என்று நினைத்து வீட்டை விட்டு வெளியே ஓடி, கேஸ் கம்பெனி ஆளைக் கூப்பிட்டுவிட்டாள். வந்தவரிடம் மரத்தைக் காட்டினேன். அவர் மரத்தைவிட என்னைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

செப்டம்பர் 13, சனி

வீட்டு விவகாரம் எழுத மாட்டேன் என்றேன். ஆனால் இது மரத்தையும் சேர்ந்ததுதான்.

மாமனார் வந்துவிட்டார். அவர் மனைவி, என் அத்தை, தை மாதம் தவறியதிலிருந்து அவர் ஊரில் தோட்டத்து வீட்டில் தனியாகத்தான் இருக்கிறார். அக்காளும் தங்கையும் அழுது புரண்டு, சளைக்காமல் பேசி வரவழைத்திருக்கிறார்கள். மார்ச் வரை விசா. எண்பதை நெருங்குகிறார், முதுகு இன்னும் வளையவில்லை.

பெட்டியை வைத்தவுடன் தோட்டத்தைச் சுற்றி வந்தார். என் மரத்தின் முன்னால் நின்றார். "இதென்னுங்க மாப்ள, தைல மரமுங்களா?" என்றார். ஆமாம் என்றேன். எங்கள் பக்கத்தில் தைல மரத்தின் பெயரைச் சொன்னாலே விவசாயிகள் காறித் துப்புவார்கள். கிணற்றைக் குடித்துவிடும் என்பது அவர் கட்சி. அப்படிப்பட்டதை மருமகன் தொட்டியில் வைத்து, தட்டில் தண்ணீரும் கட்டி விட்டிருக்கிறான். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மருமகனை ஒரு சொல் சொல்ல மாட்டார். நானும் அவரை ஒரு சொல் சொன்னதில்லை. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் உட்காராமல் நான் உட்கார்ந்ததில்லை, நான் சாப்பிடாமல் அவர் கை நனைத்ததில்லை. எங்கள் பக்கத்து மரியாதை அப்படி.

செப்டம்பர் 24

மரத்தில் புதுத் துளிர். இலை சிறுத்து வருகிறது, நல்ல அறிகுறி.

மாமனார் காலையில் கார் நிறுத்துகிற சிமெண்ட் தரைக்கு ஹோஸ் பிடித்துத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். புழுதி அடங்குவதற்காம். இங்கே புழுதி இல்லை. "தப்பில்லீங்களே மாப்ள?" என்றார். இல்லை, நல்லதுதான் என்றேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

ஹெலன் வந்து பார்த்தார். மரத்தை மூன்று பக்கமும் குனிந்து பார்த்துவிட்டு, நவம்பரில் நடக்கும் உள்நாட்டு மரப் போன்சாய்க் கண்காட்சிக்கு இது கட்டாயம் வர வேண்டும் என்று சொல்லிவிட்டார். "அந்தக் கொம்புக்காகவே" என்றார். மயில்சாமிக்குத் தலைகால் புரியவில்லை. போட்டோ எடுத்து, தான் மட்டும் மரத்தோடு நிற்கிற படத்தை ஊருக்கு அனுப்பியிருக்கிறார்.

இரவுச் சாப்பாட்டுக்கு மாமனார் ரசம் வைத்தார். உப்பே இல்லை. எல்லாரும் நெம்ப நல்லா இருக்குது என்று சொல்லிச் சாப்பிட்டோம். மயில்சாமி இரண்டாம் முறை வாங்கினார். அவர் எப்போதும் ஒரு படி மேலே போய்விடுவார்.

அக்டோபர் 8

மாமனார் என் வேலைச் சட்டைகளை எல்லாம் கஞ்சி போட்டுத் தேய்த்துவிட்டார். பாலியஸ்டர் சட்டை. முதுகுப்புறத்தில் இஸ்திரிப் பெட்டியின் அச்சு அப்படியே இருக்கிறது. நல்லா இருக்குங் மாமா என்று சொல்லிவிட்டுப் போட்டுக்கொண்டு போனேன். ஆலையில் எல்லாரும் பார்த்தார்கள்.

வசு சொன்னாள், அப்பா டிக்கெட்டை முன்னால் போட முடியுமா என்று கேட்கிறாராம். வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நாம் என்ன குறை வைத்தோம் என்று அவளுக்குப் புரியவில்லை. எனக்கும்தான். தாங்கு தாங்கென்று தாங்குகிறோம்.

அக்டோபர் 18, சனி

பேனா தாளைக் கிழிக்கிறது. கோபத்தில்தான்.

நானும் வசுவும் காய்கறிச் சந்தைக்குப் போய்விட்டு வந்தோம். மாமனார் வாசலிலேயே நின்றிருந்தார். வந்ததிலிருந்து அவர் முகத்தில் அப்படி ஒரு தெளிச்சியை நான் பார்க்கவில்லை. வாங்க மாப்ள, ஒரு சோலி முடிச்சு வெச்சிருக்கறேன் என்று கூட்டிப்போனார்.

கொம்பு இல்லை.

என் இரும்பறுக்கும் ரம்பத்தை எடுத்து, அடியோடு ஒட்ட அறுத்திருக்கிறார். அறுத்த இடத்தில் மண்ணும் மஞ்சளும் குழைத்து, வழித்துப் பூசி, விரலால் தடவி மெழுகியிருக்கிறார். வெள்ளைக் கட்டையில் மஞ்சளாக ஒரு வட்டம், பொட்டு வைத்த மாதிரி. "காஞ்ச கொம்ப உட்டா கரையான் வந்துருமுங்க. நீங்க வேலைக்குப் போறவிய, பாக்க நேரமில்லாம உட்டுட்டீங்களாட்ட இருக்குது. கண்ணாடியாட்டம் அறுத்திருக்கறேன் பாருங்க. தப்பில்லீங்களே?"

ஒரு வருடத்துக்கு மேல் தண்ணீர் ஊற்றிய மனுஷன் நான். அந்த நிமிஷத்தில் என் வாயில் வந்ததை எழுதினால் இந்த நோட்டு தீப்பிடிக்கும். ஆனால் வெளியே வந்தது, "நல்லா இருக்குங் மாமா."

ஷெட்டுக்குப் போய்க் கதவைச் சாத்தி, கிரைண்டரைப் போட்டுவிட்டு, எதையும் அறுக்காமல் சும்மா பிடித்துக்கொண்டு நின்றேன். சத்தமாவது வரட்டும்.

வசு பின்னாலேயே வந்தாள். ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது என்று கையைப் பிடித்துக்கொண்டாள். மாமனாருடைய அண்ணன் வீட்டில் ஒருமுறை, அவர் கட்டிய மாட்டை யாரோ அவிழ்த்து வேறு இடத்தில் கட்டிவிட்டு, இப்படியா கட்டுவது என்று கேட்டார்களாம். பாதிச் சோற்றில் எழுந்தவர். அதற்கப்புறம் அண்ணன் செத்த சாவுக்குத்தான் அந்த வாசலை மிதித்தார். "இது தெரிஞ்சா நாளைக்கே பொட்டியத் தூக்கிருவாருங்க. ஊர்ல அந்த வீட்ல அவரு ஒத்தைல கெடக்கறதுக்கா?" என்றாள். நான் சொல்ல மாட்டேன் என்றேன்.

அக்டோபர் 19

மயில்சாமி வந்தார். மாமனார் அவரையும் கூட்டிப்போய்க் காட்டினார். சகலை வாயைத் திறப்பதற்குள் அவர் காலை மிதித்தேன். நல்ல வேளை, பூட்ஸ் போட்டிருந்தேன். "சூப்பருங் மாமா" என்றார். கண்ணில் தண்ணீர் நின்றது. வலியா துக்கமா என்று தெரியவில்லை.

நவம்பர் 1, சனி

கொம்பு கிடைத்துவிட்டது. இத்தனை நாளாகக் குப்பையோடு போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தோம். மாமனார் பின்பக்கம் ஊன்றியிருக்கிற அவரைக்குப் பந்தல் கொம்பாக நட்டு வைத்திருக்கிறார். கொடி பாதி தூரம் ஏறிவிட்டது. என் கொம்பு நடுத்தோட்டத்தில் நின்று அவரைக்குத் தோள் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

மாமனார் மதியம் படுத்ததும் நானும் மயில்சாமியும் கொடியை அவிழ்த்து, அங்கே ஒரு மூங்கிலை நட்டுவிட்டு, கொம்பை ஷெட்டுக்குத் தூக்கிவந்தோம். இரண்டு பக்கமும் துளை போட்டு ஒரு துருப்பிடிக்காத கம்பியை ஆப்பு மாதிரி இறக்கிப் பொருத்தினேன். மஞ்சளைச் சுரண்டினால் போதும், மயிரிழை வெடிப்புக்கூடத் தெரியவில்லை. உயிருள்ள கிளையை அறுத்திருந்தால் போனது போனதுதான். இது முன்னாலேயே செத்தது. செத்ததற்கு ஒட்டு வேலை செய்தால் யாருக்கு என்ன நஷ்டம்? மயில்சாமி என்னைக் கட்டிக்கொண்டார்.

அப்புறம்தான் இருவருக்கும் உறைத்தது. கொம்பு மரத்தில் நின்றால், அதை வெட்டியது தப்பு என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

மாமனார் எழுவதற்குள் கழற்றி, துளையை மஞ்சள் குழைத்து அடைத்து, கொம்பைக் கொண்டுபோய் நட்டு, கொடியைப் பழையபடி சுற்றிவிட்டோம். அவரைக்கொடி சுற்றுவதற்கும் ஒரு திசை இருக்கிறது போலிருக்கிறது. எங்களுடையது நழுவி நழுவி விழுந்தது. சாயங்காலம் மாமனார் அதைச் சரிசெய்துகொண்டிருந்ததைப் பார்த்தேன். காற்று பலமாக இருந்தது என்று சொன்னேன்.

நவம்பர் 9

மயில்சாமியின் யோசனை: கண்காட்சியன்று காலையில் கொம்பை மாட்டிக்கொண்டு போய்விடுவது, மாமனாரை வீட்டிலேயே விட்டுவிடுவது. கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் மாமனார் தினமும் ஊருக்கு வீடியோவில் பேசுகிறார். தான் கொம்பு வெட்டிக் கவாத்துப் பண்ணின மரம் ஆஸ்திரேலியாவில் கண்காட்சிக்குப் போகிறது என்று பால்காரர் வரைக்கும் சொல்லியாகிவிட்டது. பட்டுக்கரை வேட்டியை எடுத்து வெயிலில் போட்டிருக்கிறார்.

டிக்கெட்டைப் பற்றி மறுபடி கேட்டார். டிசம்பர் முதல் வாரம் கிடைத்தால் தேவலையாம். வசு சரி பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு அடுப்படியில் போய் அழுதாள்.

எனக்கென்ன, போனால் என் ரம்பமாவது பிழைக்கும். ஆனால் இவள் அழுவதைப் பார்க்க முடியவில்லை. தவிர, காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது அவர் கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு, தெருமுனை திரும்புகிறவரை நிற்பார். கார்க் கண்ணாடியில் அவரைப் பார்த்துக்கொண்டே போய்ப் பழகிவிட்டது.

நவம்பர் 16, ஞாயிறு

மயில்சாமியிடம் சொல்லிவிட்டேன், கொம்பில்லாமல் போவோம் என்று. அவர் குதித்தார். பாதி மரம் தன்னுடையது, செத்த பாதிதான் தன்னுடைய பாதி என்றார். எனக்கும் ஆத்திரம். "கொம்பு பெருசா, மாமா பெருசா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். யோசித்ததே எனக்குப் பிடிக்கவில்லை. "மாமாதானுங்க" என்று சொல்லிவிட்டு, வணக்கம்கூடச் சொல்லாமல் போய்விட்டார்.

மஞ்சளை மட்டும் ஈரத்துணியால் துடைத்தேன். அறுத்த இடம் பளிச்சென்று வட்டமாகத் தெரிகிறது. எந்தப் பக்கம் திருப்பினாலும் தெரிகிறது.

நவம்பர் 23, ஞாயிறு

நீளமாக எழுத வேண்டிய நாள். ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

மண்டபத்தில் சுற்றிலும் நீள மேசைகள், வெள்ளைத் துணி. முப்பது மரம் இருக்கலாம். எங்கள் மரத்தை நடுவில் வைத்திருந்தார்கள். ஹெலன் வந்தார், மரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பட்டுக்கரை வேட்டியில் பக்கத்தில் நின்ற மாமனாரைப் பார்த்தார். முன்னமே போனில் விஷயத்தைச் சொல்லியிருந்தேன். நல்ல மனுஷி. மாமனாருக்குக் கை கொடுத்து, மரம் மிக அழகு என்றார். மாமனார் கும்பிட்டார்.

பிறகு அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு மேசையாகப் பார்க்கப் புறப்பட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கொம்பைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்த எங்களுக்கு, மற்ற மரங்களைப் பற்றி நினைப்பே வரவில்லை. பாதிக்கு மேல் செத்த கட்டைதான். வெளுத்த கொம்பு, முறுக்கிய கொம்பு, நுனியில் பிளந்த கொம்பு. ஒன்றில் உயிர் ஒரு கீற்றுதான், மீதியெல்லாம் எலும்பு. சனங்கள் குனிந்து குனிந்து அந்தச் செத்த பாகத்தைத்தான் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மாமனார் ஒவ்வொன்றின் முன்னாலும் நின்றார். போகப் போக நடை மெதுவாகிக்கொண்டே வந்தது. வசு என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

சுற்றி முடித்து எங்களிடம் வந்தார்.

"ஏனுங் மாப்ள, ஒருத்தருங் காஞ்ச கொம்ப வெட்டுலீங்களே."

நான் மேசைத் துணியின் சுருக்கத்தை நீவினேன்.

"அப்ப நான் வெட்டுனது தப்புங்களா?"

பழக்க தோஷம். "இல்லீங் மாமா, நல்லா..." என்று ஆரம்பித்தேன். அவர் கையைத் தூக்கினார்.

"போதுமுங். வந்த நாள்லயிருந்து நல்லா இருக்குது, நல்லா இருக்குது. ரசத்துல உப்புப் போட மறந்தது வாயில வெச்சதும் எனக்கே தெரிஞ்சுபோச்சு. அதையும் நல்லா இருக்குதுன்னீங்க. ஒராளு ரெண்டு தடவ வாங்கறாரு. உங்க சட்டையச் சுட்டேன், அதையும் போட்டுட்டுப் போறீங்க. உங்கத்தை இருந்திருந்தா அந்த ரசத்தைச் சட்டியோட வெளிய வீசியிருப்பா. அம்பது வருசம் அவ வாயிலதான் நான் விழுந்து எந்திரிச்சேன்." வேட்டிக் கரையை இழுத்துவிட்டுக்கொண்டார். "ஒறம்பரைக்கு, விருந்தாளியா வந்தவனத்தானுங்க யாரும் வையமாட்டாங்க. ஒறம்பரைக்கு வந்தவன் எத்தன நாளைக்குங்க இருக்கறது?"

அவர் அண்ணன் வீட்டுக் கதை, பாதிச் சோறு, எல்லாம் எனக்கு நினைவு வந்தது. வசுவின் பிடி இறுகியதும் தெரிந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்தேன். கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கும்போது இருக்கிற அதே முகம். ஒரு பெரிய மனுஷன், தன்னை யாராவது இரண்டு வார்த்தை வைய மாட்டார்களா என்று வேட்டியெல்லாம் கட்டிக்கொண்டு நிற்கிறார். நாங்கள் எல்லாரும் சேர்ந்து மரியாதையாலேயே அவரைத் துரத்திக்கொண்டிருந்திருக்கிறோம்.

"ஏனுங் மாமா, யாரக் கேட்டுங்க அந்தக் கொம்புல ரம்பத்த வெச்சீங்க?" என்றேன்.

அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது. ஒரு வருடத்துக்கு மேல் அந்தக் கொம்பைக் கண்ணுக்குள் வைத்துக் காத்ததைச் சொன்னேன். இரும்பறுக்கிற ரம்பத்தை மரத்தில் வைத்துப் பல்லை மழுக்கியதைச் சொன்னேன். மஞ்சளைச் சொன்னேன், மஞ்சள் என்ன விலை விற்கிறது என்றும் சொன்னேன். சிமெண்ட் தரைக்குத் தண்ணீர், முதுகில் இஸ்திரிப்பெட்டி அச்சு, உப்பில்லாத ரசம், எல்லாம் வந்தது. மருமகன் மாமனாரை இப்படிப் பேசி எங்கள் பக்கத்தில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். மண்டபத்தில் பாதிப்பேர் திரும்பிவிட்டார்கள். ஹெலன் ஓடிவந்து ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார். கோகிலா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

மாமனார் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் மெல்ல ரத்தம் ஏறியது. போச்சு, பெட்டியைத் தூக்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"ஒரு தைல மரம்," என்றார், என்னைவிடச் சத்தமாக. "ஒரு காஞ்ச குச்சி. அதுக்கு இத்தன பேச்சுங்களா? பொழப்பில்லாத ஊருங்க இது. செத்த கட்டைக்கு எவனாச்சும் வெள்ளையடிப்பானுங்களா? ஒரு வெறகுக்காரன் வந்தான்னா இந்த மண்டபத்துல ஒரு வண்டி ஏத்திருவான்."

அவர் குரலில் அந்தப் பழைய தோட்டத்துக் கனம் திரும்பியிருந்தது. நானும் விடவில்லை. அவரும் விடவில்லை. இடையில் மயில்சாமி எங்கேயோ நழுவிப்போய், கார் டிக்கியிலிருந்து எதையோ துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தார். பிரித்தால் கொம்பு. கழுவித் துடைத்து, கம்பி ஆப்போடு. யாருக்கும் தெரியாமல் இன்று காலையில் பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறார். மாமாதான் பெரிது என்று சொன்ன மனுஷன்.

"இதென்னுங்க, அவரைக்கு ஊனுன கொம்பு" என்றார் மாமனார். மயில்சாமியை ஒரு பாட்டம் வைதார். கொடி என்ன ஆனது என்று கேட்டார். மூங்கில் நட்டிருக்கிறேன் என்றதும் கொடியை எந்தப் பக்கமாகச் சுற்றினீர்கள் என்று கேட்டு, அதற்கும் வைதார். பிறகு கொம்பை வாங்கிப் பார்த்தார், கம்பியைத் தட்டிப் பார்த்தார். மரத்தடியில் குனிந்து தானே துளையில் செருகினார். நுனி தரையைப் பார்க்க, தலைகீழாக. நான் சத்தம் போட்டேன். எடுத்துத் திருப்பிச் செருகினார். உட்கார்ந்துகொண்டது.

ஹெலன் கை தட்டினார். என்ன ஏது என்று தெரியாமலே இன்னும் நாலு பேர் தட்டினார்கள். பரிசு எங்களுக்கு இல்லை, மூலையில் இருந்த, சிவப்புப் பூப் பூத்த பாட்டில்பிரஷ் மரத்துக்குப் போனது. மயில்சாமிக்குத்தான் வருத்தம். எனக்குக் குரல் கட்டிப்போய்விட்டதால் வருத்தப்பட முடியவில்லை.

நவம்பர் 24, திங்கள்

மரம் வீடு திரும்பியது. துளிரில் வாட்டம் இல்லை. காலையும் மாலையும் தண்ணீர்.

காலையில் ரசத்தில் உப்பு கரித்தது. சொன்னேன். அப்ப நாளைக்கு நீங்களே வைங்க என்றார் மாமனார்.

வசு பயந்துகொண்டே அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, டிசம்பர் முதல் வாரத்தில் ஓர் இடம் இருக்கிறது, போட்டுவிடட்டுமா என்று கேட்டாள். நான் பேப்பர் படிக்கிற மாதிரி இருந்தேன்.

"எப்படி அம்மிணி போறது?" என்றார் அவர். "உங்க ஊட்டுக்காரரு அத்தன வெள்ளைக்காரங்களுக்கு முன்னால வெச்சு என்னய வைஞ்சுபோட்டாரு. பதிலுக்கு முழுசா வையாம நான் எப்படிப் போறது?"

விசா மார்ச் வரை இருக்கிறது. அவர் இன்னும் வைய ஆரம்பிக்கவில்லை. காத்துக்கொண்டிருக்கிறேன்.